இருபத்தாறு பைட் பெட்டி

யூனிக்ஸின் முதல் கையேட்டின்படி டிசம்பர் 31-க்கு மறுநாள் டிசம்பர் 32.

அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். 1971 நவம்பர் 3 என்று தேதியிட்ட கையேடு அது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், மர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதியது. 'சிடைம்' என்ற சின்ன ஃபங்ஷனுக்கு அதில் ஒரு பக்கம் உண்டு. இயந்திரத்துக்குள் வெறும் எண்ணாக ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தை வாங்கி, மாதம், தேதி, மணி, நிமிடம், நொடி என்று ஆள் படிக்கிற மாதிரி எழுதிக் கொடுப்பது அதன் வேலை. வருஷம் கிடையாது. பக்கத்தின் அடியில் 'பக்' என்ற தலைப்பில் அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்: லீப் வருஷம் வந்தால் இதை மறுபடி அசெம்பிள் செய்ய வேண்டும், டிசம்பர் 31-க்குப் பின் 32 வரும், மேலும் அப்படியே போகும்.

இதைப் படிக்கும்போதெல்லாம் சிரிப்பு வரும், கூடவே கொஞ்சம் பொறாமையும். இன்றைக்கு இப்படி ஒரு வரியை எழுதிவைத்துவிட்டு ரிலீஸ் செய்ய எந்த டீம் லீடும் விடமாட்டார். அன்றைய நிலைமை வேறு. அந்த யூனிக்ஸைப் பயன்படுத்தியவர்கள் ஏறக்குறைய ஒரே வளாகத்துக்காரர்கள். அது ஓடிய பிடிபி-11 இயந்திரத்தின் மொத்த நினைவகம் 24 கிலோபைட். அதில் 16 சிஸ்டத்துக்கே போய்விடும். நாம் காலை வணக்கத்துக்கு அனுப்பும் வாட்ஸ்அப் படம் ஒன்றுகூட அதற்குள் அடங்காது. புத்தாண்டு பிறந்ததும் யாராவது வந்து கடிகாரத்தைத் திருப்பி வைத்தால் போயிற்று.

உள்ளே ஓடிய எண்ணும் அப்படி வசதிக்குப் பிறந்ததுதான். அமெரிக்காவில் சுவர் பிளக்கில் வரும் மின்சாரம் நொடிக்கு 60 சுற்று. இயந்திரத்தின் கடிகாரம் அந்தச் சுற்றையே எண்ணியது. அதனால் யூனிக்ஸின் காலக் கணக்கும் நொடியில் 60-இல் ஒரு பங்கு; தொடக்கம் 1971 ஜனவரி 1. எண்ணி வைக்க 32 பிட் இடம். கணக்குப் போட்டால் இரண்டே கால் வருஷத்தில் அந்த இடம் நிரம்பிவிடும். நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. யூனிக்ஸ் இங்கே பிறந்திருந்தால் இன்னும் ஐந்து மாதம் தாங்கியிருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். 1973-இல் வந்த நான்காம் பதிப்பில் இந்த வம்பே வேண்டாம் என்று முழு நொடிக் கணக்குக்கு மாறி, தொடக்கத்தை 1970 ஜனவரி 1-க்கு நகர்த்தினார்கள். இன்று உங்கள் கைபேசி எண்ணிக்கொண்டிருப்பதும் அந்த நாளிலிருந்துதான்.

சிடைமும் அப்போது வளர்ந்தது. வருஷமும் கிழமையும் சேர்ந்துகொண்டன. கையேட்டில் ஒரு மாதிரி வரி கொடுத்திருந்தார்கள்: ஞாயிறு, செப்டம்பர் 16, 01:03:52, 1973. ஆங்கிலத்தில் கிழமைக்கு மூன்றெழுத்து, மாதத்துக்கு மூன்றெழுத்து, தேதிக்கு இரண்டு இடம், நேரத்துக்கு எட்டு, வருஷத்துக்கு நான்கு, நடுவில் நான்கு இடைவெளி. ஆக 24. வரி முடிவுக்கு ஒன்று, சரம் முடிந்தது என்று காட்டும் சுழிய பைட் ஒன்று. மொத்தம் 26. அந்த மாதிரித் தேதியின் நேரத்தைப் பாருங்கள்: சனிக்கிழமை இரவு கழிந்து ஒரு மணி மூன்று நிமிடம். உட்கார்ந்து யோசித்து எழுதிய நேரமாக எனக்குத் தோன்றவில்லை. அந்த நேரத்துக்கு டெர்மினல் முன்னால் உட்கார்ந்திருந்த யாரோ அடித்துப் பார்த்ததை அப்படியே ஒட்டிவிட்டார்கள் என்றுதான் நான் நினைத்துக்கொள்வேன்.

ஒவ்வொரு பகுதிக்கும் அகலம் மாறாது என்று கையேடு உறுதி தந்தது. அதில்தான் இதன் வசதி. மணியும் நிமிடமும் மட்டும் வேண்டுமா, முதல் 11 எழுத்தைத் தள்ளிவிட்டு அடுத்த ஐந்தை வெட்டிக்கொள்ளலாம். தேடவோ அலசவோ வேண்டாம். தேதி ஒற்றை இலக்கமாக இருந்தால் முன்னால் ஒரு வெற்றிடம் விட்டு இரண்டாக்கிவிடுவார்கள், பெட்டி ஆடக்கூடாது என்பதற்காக.

சி மொழி படிக்கிற எல்லோரும் ஒருநாள் முட்டிக்கொள்ளும் சுவர் ஒன்றும் இந்தப் பெட்டிக்காகவே எழும்பியது. மாதங்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்குவது ஏன்? தேதி 1-இலிருந்து 31 வரை ஒழுங்காக இருக்கும்போது ஜனவரி மட்டும் ஏன் 0, டிசம்பர் ஏன் 11? பழைய சிடைம் நிரலைத் திறந்தால் விடை கண்ணெதிரே கிடக்கிறது. பன்னிரண்டு மாதப் பெயர்களின் மும்மூன்று எழுத்தையும் இடைவெளியே விடாமல் கோத்து 36 எழுத்து நீளத்தில் ஒரே கயிறாக வைத்திருந்தார்கள். மாத எண்ணை மூன்றால் பெருக்கு; வருகிற இடத்திலிருந்து மூன்றெழுத்தை வெட்டு. ஜனவரி கயிற்றின் தலையில் இருக்கிறது, அதன் இடம் 0. மார்ச் இரண்டு தாண்டி, அதன் இடம் 6. கிழமைக்கும் இதே ஏற்பாடு, 21 எழுத்துக் கயிறு, ஞாயிறு 0. தேதிக்குப் பெயர் கிடையாது, எண்ணாகவே அச்சாகும். அதனால் அது 1-லேயே நின்றுவிட்டது. பெயர் உள்ளவை பூஜ்யத்திலிருந்து, பெயர் இல்லாத தேதி ஒன்றிலிருந்து. புரிந்துவிட்டால் கோபம் வராது. ஆனால் 1995 மே மாதம் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்ட்டை உருவாக்கியபோது, தேதிக் கணக்கை ஜாவாவிலிருந்து எடுத்தார்கள். ஜாவா சி-யின் வழக்கத்திலிருந்து எடுத்திருந்தது. கயிறு போயே போய்விட்டது, ஜனவரி மட்டும் 0 ஆகவே நிற்கிறது. இதற்குக் கோபப்படலாம்.

வருஷத்தையும் அப்படித்தான், 1900-ஐக் கழித்துவிட்டு மிச்சத்தை வைத்தார்கள். 1973 என்றால் 73. இந்த எண்ணுக்கு முன்னால் '19' என்று கையால் ஒட்டி அச்சடித்த நிரல்கள் உலகம் முழுக்க இருந்தன. 1999-க்குப் பிறகு அந்த எண் 100 ஆனது. அமெரிக்காவின் அதிகாரபூர்வ நேரத்தைக் காக்கும் கடற்படை வானாய்வகத்தின் இணையதளமே 2000 ஜனவரி 1 அன்று வருஷத்தை 19100 என்று காட்டியது.

பெட்டிக்கு இன்னொரு குணம். சிடைம் விடையை எழுதி வைக்கும் 26 பைட் இடம் ஒன்றே ஒன்று. ஒவ்வொரு முறையும் அதே இடம். கடைவாசலில் இருக்கும் சிலேட்டு மாதிரி. ஊழியர் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் ஒரே வரியில் அச்சடிக்கப் போனால், இரண்டாவது அழைப்பு முதல் விடையை அழித்துவிட்டு எழுதும். அச்சில் இரண்டு நேரமும் ஒன்றாக இருக்கும். ஆள் வந்த நிமிடமே வீட்டுக்குப் போய்விட்டார்!

1983-இல் சி மொழிக்குத் தரம் வகுக்க ஒரு குழு அமைந்தது. 1989-இல் அந்தத் தரம் வெளியானது. குழு பழைய பெட்டியைத் தூக்கிப் போடவில்லை. பக்கத்தில் புதிதாக ஒன்றை வைத்தது. அதன் பெயரை எஸ்டிஆர்-எஃப்-டைம் என்று எழுத்துக்கூட்டித்தான் சொல்ல வேண்டும். யோசனை புதிதல்ல, யூனிக்ஸின் 'டேட்' கமாண்டிலிருந்து எடுத்தது என்று குழுவே தன் விளக்க ஏட்டில் எழுதியிருக்கிறது. நமக்கு எப்படி வேண்டுமோ அப்படி ஒரு அச்சு தரலாம்: சதவீதக் குறி போட்டு ஓர் எழுத்து, அந்த இடத்தில் அந்தப் பகுதி. சின்ன டி என்றால் தேதி. சின்ன எம் மாதம், பெரிய எம் நிமிடம். பெரிய ஒய் நான்கு இலக்க வருஷம், சின்ன ஒய் இரண்டு இலக்கம். பெரிய எச் 24 மணிக் கணக்கு. 12 மணிக் கணக்குக்கு மிஞ்சியது பெரிய ஐ. ஏன் ஐ என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. ஆங்கில எழுத்து 26, சின்னதும் பெரியதுமாக 52; அதிலும் இட நெருக்கடி. பிஎச்பி மொழிக்காரர்கள் தனிப் பட்டியல் போட்டபோது எம்மில் சின்னதும் பெரியதும் மாதத்துக்கே போய்விட்டதால் நிமிடத்துக்குச் சின்ன ஐ-யைக் கொடுத்தார்கள். இரண்டு மொழியிலும் வேலை செய்கிறவர் பாடு திண்டாட்டம்.

புதிய ஃபங்ஷனில் எனக்குப் பிடித்த நல்ல காரியம் ஒன்று உண்டு. உன் பாத்திரம் எவ்வளவு பெரியது என்று அது முதலில் கேட்கும். அந்தத் தரத்தில் எண்களை எழுத்தாக்கும் ஸ்பிரின்ட்எஃப் அப்படிக் கேட்காது. வழிந்தாலும் ஊற்றிக்கொண்டே இருக்கும். அதற்கு அளவு கேட்கும் தம்பி பிறக்க 1999 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தேதி விஷயத்தில் மட்டும் பத்து வருஷம் முன்பே புத்தி வந்திருந்தது. ஆனால் பாத்திரம் போதவில்லை என்றால் பூஜ்யத்தைத் திருப்பித் தரும்; விடையே வெற்றுச் சரம் என்றாலும் அதே பூஜ்யம். விடை எப்படி வெறுமையாகும்? முற்பகல், பிற்பகல் என்று பிரிக்கும் வழக்கமே இல்லாத மொழிகளில், அதைக் கேட்கும் சின்ன பி-க்குப் பதில் எதுவும் வராது. பிழையா, பிழையில்லையா என்று உங்களுக்கே தெரியாது.

மொழி என்ற பேச்சு இங்கேதான் முதலில் உள்ளே வருகிறது. பழைய சிடைம் ஆங்கிலம் தவிர எதையும் அறியாது. எஸ்டிஆர்-எஃப்-டைம் ஊரைப் பார்த்து மாதப் பெயரைச் சொல்லும். தமிழுக்கு இது எத்தனை பெரிய விடுதலை என்று பழைய பெட்டியை வைத்தே அளந்து பார்க்கலாம். இன்றைய யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். 'ஞாயிறு' என்று எழுத ஆறு குறிகள், 18 பைட். ஓர் இடைவெளி விட்டு 'செப்' என்று போட்டால் 12 பைட். தேதிக்கே வரவில்லை, அதற்குள் 31, பெட்டி உடைந்துவிட்டது. மூன்று பைட்டில்தான் நிற்பேன் என்று அடம்பிடித்தால் செப்டம்பர் 'ச' ஆகிவிடும்.

விடுதலை முழுமையானதும் அல்ல. நாம் பேச்சில் ஏஎம், பிஎம் என்று இரண்டு கூறாக நாளை அறுப்பதில்லை. விடியற்காலை நாலு மணி, சாயங்காலம் நாலு மணி என்றுதான் வாயில் வரும். யூனிகோடு கூட்டமைப்பு பராமரிக்கும் சிஎல்டிஆர் என்ற மொழித் தரவில் தமிழுக்கு அதிகாலை, காலை, மதியம், பிற்பகல், மாலை, அந்தி மாலை, இரவு என்று வரிசையாகவே கொடுத்திருக்கிறார்கள். அந்தி மாலை வரை யோசித்த புண்ணியவான் யாரோ, வாழ்க. 1989-இன் சின்ன பி-க்குள் இரண்டு அறைதான். இந்த ஏழும் அதற்குள் குடியேற முடியாது.

ஜாவாக்காரர்கள் வேறு பாதையில் போனார்கள். சதவீதக் குறி இல்லை. வருஷத்துக்குச் சின்ன ஒய்யை நான்கு முறை, மாதத்துக்குப் பெரிய எம்மை இரண்டு முறை எழுது என்றார்கள். பார்க்க அழகு. பிறகு பெரிய ஒய்க்கு 'வாரக் கணக்கு வருஷம்' என்று ஒரு பொருள் வைத்தார்கள். உலகத் தர விதிப்படி, ஒரு வாரத்தின் வியாழன் எந்த வருஷத்தில் விழுகிறதோ அந்த வருஷத்துக்கே முழு வாரமும் சொந்தம். 2015 ஜனவரி 1 வியாழக்கிழமை. ஆகவே 2014 டிசம்பர் 29 திங்கட்கிழமையே, வாரக் கணக்கில் 2015 பிறந்துவிட்டது. வருஷத்தில் 360 நாளுக்கு மேல் பெரிய ஒய்யும் சின்ன ஒய்யும் ஒரே விடையைத் தரும். சோதித்துப் பார்ப்பவர் கண்ணில் எப்படிப் படும்? அந்த டிசம்பர் கடைசியில் ட்விட்டரின் ஆண்ட்ராய்டு செயலி பலரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது. சர்வர் சொன்ன தேதி ஒரு வருஷம் முந்தி ஓடியிருந்தது.

2007 செப்டம்பரில் கூகுளில் மூன்று பேர் புதிய மொழி ஒன்றை வரையத் தொடங்கினார்கள்: ராபர்ட் கிரீஸ்மர், ராப் பைக், கென் தாம்ப்சன். ஆம், டிசம்பர் 32 கையேட்டின் தாம்ப்சன்தான். கோ என்ற அந்த மொழி 2009 நவம்பரில் வெளியே வந்தது. தேதியை எழுத்தாக்க அதில் சதவீதக் குறியும் இல்லை, எழுத்துப் பட்டியலும் இல்லை. ஒரு மாதிரித் தேதி இருக்கிறது. அது 2006 ஜனவரி 2, திங்கட்கிழமை, பிற்பகல் 3 மணி 4 நிமிடம் 5 நொடி. அமெரிக்க மலைப்பகுதி நேரம், அதாவது கிரீன்விச்சுக்கு 7 மணி பின்னால். அந்த ஒரு கணத்தை உங்களுக்கு எப்படி எழுத ஆசையோ அப்படி எழுதிக் காட்டினால் போதும். எந்த நேரத்தைக் கொடுத்தாலும் கோ அதே சாயலில் எழுதித் தரும். நம் வழக்கப்படி தேதி முதலில் வேண்டுமா, 02/01/2006 என்று எழுதுங்கள். தையல்கடையில் அளவுச் சட்டையைக் கொடுத்து 'இதே மாதிரி தைத்துக் கொடுங்கள்' என்பதுபோல.

யோசனை அருமை. தேர்ந்த எண்கள்தான் இம்சை. அமெரிக்க வழக்கத்தில் மாதம் 1, தேதி 2, மணி 3, நிமிடம் 4, நொடி 5, வருஷம் 6, நேர மண்டலம் 7 என்று வரிசையாக விழும், அதனால் நினைவில் நிற்கும் என்பது கணக்கு. மாதத்தை முன்னால் வைக்கும் அமெரிக்கருக்கு நிற்கும். தேதியை முன்னால் வைத்தே பழகிய நமக்கு ஒன்று என்றால் தேதி என்றுதான் கை போகும்.

முன்பு நான் இருந்த அலுவலகத்தில், புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் மாதிரித் தேதி என்றால் ஏதாவது ஒரு தேதி என்று புரிந்துகொண்டு 2023-08-15 என்று எழுதிவிட்டார். சுதந்திர தினம், மறக்காதே! ஆகஸ்ட் 25, சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அறிக்கை ஓடியது. தலைப்பில் வந்த தேதி: 25254-08-16.

"அண்ணா, சர்வர் டைம் தப்பா இருக்கு போல" என்று வந்து நின்றார்.

சர்வர் மேல் குற்றமில்லை. கோ அந்த எழுத்துகளை இடமிருந்து வலமாக மேய்கிறது. 2006 என்று முழுதாக இருந்தால் அது வருஷம். 2023 அப்படி இல்லை, எனவே முதல் 2 தேதி: 25. அடுத்த 02, இரண்டு இலக்கத் தேதி: மறுபடி 25. அடுத்த 3, 12 மணிக் கணக்கில் மணி: 4. ஒட்டிப் பார்த்தால் 25254. கோடும் 08-உம் கோவுக்கு ஒன்றும் சொல்லவில்லை, அப்படியே அச்சாகிவிட்டன. 15 என்பது 24 மணிக் கணக்கு: 16. மாதம் சரியாக வந்ததே என்று யாரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். செப்டம்பரில் ஓட்டினாலும் அது 08 என்றே நிற்கும்.

இந்தத் தடுமாற்றம் எங்கள் தம்பிக்கு மட்டுமல்ல. வருஷம்-மாதம்-தேதி என்று எழுத நினைத்து 2006-02-01 என்று எழுதுகிறவர்கள் அத்தனை பேர். 2023 பிப்ரவரியில் வந்த கோவின் 1.20 பதிப்பில், அந்த ஒரு குறிப்பிட்ட தவறை மட்டும் தேடிப் பிடித்து எச்சரிக்கும் சோதனையைச் சேர்த்தார்கள். அந்தப் பதிப்பிலேயே, எண்களை நினைவு வைக்கவே வேண்டாம், 'டேட்ஒன்லி' என்று எழுதினால் போதும் என்று தயார் நிலையில் ஒரு பெயரையும் கொடுத்தார்கள். இப்படித் தயாராக வைத்திருக்கும் அச்சுகளில் ஒன்றுக்கு 'கிச்சன்' என்று பெயர். மணியும் நிமிடமும் உண்டு; நொடி, தேதி கிடையாது. சமையலறைச் சுவரில் தொங்கும் கடிகாரம் அவ்வளவுதானே சொல்லும்.

பழைய பெட்டி இதற்குள் செத்துப்போயிருக்கும் என்று எண்ணினால் ஏமாற்றம்தான். சி மொழியின் சி23 தரம் சிடைமையும் அதன் இரட்டையான ஆஸ்க்டைமையும் இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டது. ஆனால் இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் எச்டிடிபி விதிமுறையின் 2022 பதிப்பும், தேதியைப் பெற்றுக்கொள்ளும் பக்கம் மூன்று வித அச்சையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. அதில் மூன்றாவது இந்த 1973 பெட்டி. நிரல் மாற்றங்களைக் காத்துவைக்கும் கிட்டில் லாக் கேட்டுப் பாருங்கள்: முதலில் கிழமை மூன்றெழுத்து, அப்புறம் மாதம் மூன்றெழுத்து, தேதி, நேரம், கடைசியில் வருஷம். நம் ஊர் என்றால் வாலில் +0530 தொங்கும். அது புதுசு.

கோவின் தயார் அச்சுகளிலும் அதற்கு ஓர் இடம் உண்டு. 'ஆன்சிசி' என்று பெயர். அதே வரிசை, அதே 24 எழுத்து. ஜனவரிக்குப் பின் வெறும் 2 என்று எழுதாமல், முன்னால் ஓர் அடிக்கோடு இழுத்து _2 என்று எழுதியிருக்கிறார்கள். தேதி ஒற்றை இலக்கமானால் இங்கே ஒரு வெற்றிடம் விடு என்று அதற்குப் பொருள்.